மிக்சரில் ஒரு ஊசிமுனை

கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் நேராக வாயில் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. தட்டில் கொட்டி, விரலால் பரப்பி, டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்படிப் பார்த்ததில் கிடைத்தவை கொஞ்சநஞ்சமல்ல. ரவையில் புழு எல்லார் வீட்டிலும் வரும், அதை விடுங்கள். எனக்குச் சேமியா பாக்கெட்டில் சட்டைப் பித்தான் கிடைத்திருக்கிறது. ஊறுகாய் பாட்டிலில் ஒரு முழு ரப்பர் பேண்டு, உப்பும் காரமும் ஏறி, மாங்காயைவிட நன்றாக ஊறியிருந்தது. ஒருமுறை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வேறு கம்பெனி சாக்லெட்டின் காகிதம். அந்த பிஸ்கட்டை அடுக்கிய ஆளுக்கே அதைத் தின்னப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"ஷூ செக் பண்ற கண்ண வூட்டுக்கு எடுத்துனு வராத. அங்கயே லாக்கர்ல வெச்சிட்டு வா," என்பார் வீட்டுக்காரர். அப்படிச் சொன்னவர்தான் ரப்பர் பேண்டைக் காட்டியதும் ஊறுகாயை முதலில் தள்ளி வைத்தார்.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நான் செக்கர். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அதைத் தைத்து முடிக்கிற வரிசையில் கடைசியில் நிற்பவள் நான். தையல் கோணலா, தோலில் கீறலா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவேன். தப்புகளில் மூன்று சாதி உண்டு. மைனர், மேஜர், கிரிட்டிக்கல். கோணல் தையல் மைனர். பிளந்த தோல் மேஜர். ஷூவுக்குள் உடைந்த ஊசி இருந்தால் அது கிரிட்டிக்கல், ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய காலில் ஏறும்.

அதனால் எங்கள் இடத்தில் ஊசி உடைந்தால் மிஷின் நிற்கும், வரிசை நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு நோட்டில் செலோ டேப்பால் ஒட்டி, முழு ஊசி ஆகிவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். தேடுவதற்கென்றே என்னிடம் ஒரு காந்தம் உண்டு, தீப்பெட்டி அளவு இருக்கும். தையல் பகுதிக்குள் தின்பண்டம் கொண்டு வரக் கூடாது, மேலங்கிப் பையில் எதுவும் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லி அதட்டுகிற வேலையும் என்னுடையதுதான். புதிதாக வரும் பெண்கள் என்னைப் பார்த்தால் வாயிலிருக்கும் மிட்டாயை விழுங்கிவிடுவார்கள்.

இனி அந்த மிக்சருக்கு வருகிறேன்.

பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் சின்னதாக நடத்தும் கம்பெனியின் மிக்சர் அது. எங்கள் தெருமுனை பாய் கடையில் மட்டுமல்ல, சுற்றி நாலு தெருவிலும் அது தொங்கும். எண்ணெய் கம்மி, கறிவேப்பிலை ஜாஸ்தி, வேர்க்கடலையில் கஞ்சத்தனம் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வியாழக்கிழமை மாலை டிவி பார்த்துக்கொண்டே, தட்டும் இல்லாமல் லைட்டும் இல்லாமல், பாக்கெட்டிலிருந்து நேராக அள்ளிப் போட்டேன். கடைவாயில் நறுக்கென்றது. கடலைத் தோலோடு துப்பிப் பார்த்தால், மஞ்சள் மசாலா அப்பிய ஒரு இரும்புத் துண்டு. அரிசி நீளம், ஒரு முனை கூர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மிக்சரை எத்தனை பேரிடம் நல்லது என்று சொல்லியிருப்பேன். துண்டைக் கவரில் போட்டேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தொழிற்சாலையில் எடுப்பதுபோல் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

"பாய், இது கிரிட்டிக்கல் டிஃபெக்ட்டு," என்றேன்.

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஊசியா? எப்ப பாத்த?"

"பிரிச்சதும் தட்டுல கொட்டினேன். கொட்டின உடனே கண்ல பட்டுது."

இது பொய். பாக்கெட்டை நான் பிரித்தது அன்று காலை தொழிற்சாலையில். பாதியை டீ நேரத்தில் தின்றுவிட்டு மீதியை மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். ஆனால் எல்லாவற்றையும் லைட்டில் பார்க்கிற நான் இதைப் பார்க்காமல் தின்றேன் என்று பாயிடம் எப்படிச் சொல்வது? வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. சொல்லும்போது பொய் மாதிரியே தெரியவில்லை, கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்வதாகத்தான் தோன்றியது.

அதற்குமேல் பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. சரத்தோடு மிக்சரை இறக்கி உள்ளே போட்டார். போட்டோவை வாங்கிக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினார். "ஷூ கம்பெனி செக்கரம்மா கண்டுபிடிச்சது" என்று கீழே எழுதினார். அதைப் படித்து நான் பெருமைப்பட்டேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மிக்சர் கம்பெனிக்காரரும் அவர் மனைவியும். பாயிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைப் போட்டேன்.

"மேடம், எங்ககிட்ட ஊசின்னு ஒண்ணே கெடையாது," என்றார். "பாக்கெட்ட மிஷின்ல சூடு வெச்சி ஒட்றோம். பின்னு கூட அடிக்கறதில்ல. ரெண்டு நாளா சட்டிக்கு அடியில, கடலை மூட்டையில, எல்லாம் சல்லட போட்டு சலிச்சிட்டோம். எங்கேர்ந்து வந்துதுன்னே தெரில. அந்தத் துண்ட ஒருவாட்டி காட்டுவீங்களா?"

"மத்த கடைங்க எல்லாம் சரக்கத் திருப்பி அனுச்சிட்டாங்க அக்கா," என்றார் மனைவி. "வேல செய்ற நாலு பொம்பளைங்களையும் நாளிக்கி வரவேணாம்னு சொல்லிட்டோம். இந்த வாரமும் இப்டியே போனா மூடிட வேண்டிதான்."

கவரைக் கொண்டு வந்து கொடுத்தேன். அந்த அம்மா கொஞ்சம் தண்ணீர் கேட்டு, துண்டை உள்ளங்கையில் வைத்துக் கழுவினார். மசாலா போனது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நான் வூட்ல ஜாக்கெட் தைப்பேங்கா. இது துணி தைக்கற ஊசி இல்ல. துணி ஊசி முனை உருண்டையா இருக்கும். இது பட்டையா, கத்தி மாதிரி கீது பாருங்க."

பார்த்தேன். தோலைக் குத்தினால் மட்டும் போதாது, அறுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதால் தோல் ஊசியின் முனையை அப்படித்தான் செய்வார்கள். அதை ஒரு நாளில் நூறு தடவை பார்க்கிறவள் நான். ஒரு அன்னியப் பெண் கழுவிக் காட்டியபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் எங்கள் வரிசையில் ஊசி உடைந்தது. மூன்று துண்டில் இரண்டு கிடைத்தது, முனை மட்டும் கிடைக்கவில்லை. மேஜைக்கு மேலும் கீழும் காந்தத்தால் பெருக்கித் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட, காந்தத்தை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். எதுவும் வைக்கக் கூடாத அந்தப் பையில் மிக்சர் பாக்கெட் இருந்தது. பாதி தின்றது, வாய் மடித்தது. ஓடிய ஓட்டத்தில் மடிப்பு விரிந்து, காந்தத்தில் ஒட்டியிருந்த முனை உரசி அதற்குள் விழுந்திருக்கிறது. அப்புறம் நாள் முழுக்க எல்லாருமாகத் தேடியும் கிடைக்காததால், அந்த நேரத்தில் தைத்த ஷூவை எல்லாம் சிவப்புப் பெட்டியில் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு நாள் டைம் குடுங்க, நான் வெரிஃபை பண்ணிட்டு சொல்றேன்," என்றேன். அவர்கள் மேல் பழி போடும்போது இந்த வெரிஃபை எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் காபியைக் குடித்துவிட்டு நம்பிக்கையோடு போனார்கள். வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கம்பெனி ஊசியா?" என்றார். தலையை ஆட்டினேன். அந்த ஒரு முறை அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

திங்கட்கிழமை அந்தத் துண்டைக் கொண்டுபோய் ஊசி நோட்டில் வைத்துப் பார்த்தேன். டேப்புக்குள் இருந்த துண்டோடு முனை அச்சாகப் பொருந்தியது. அன்று மாலையே பாய் கடைக்குப் போய், "பாய், தப்பு என்னோடது. ஊசி எங்க கம்பெனிது. அந்த மிக்சர மறுபடி தொங்க வுடுங்க," என்றேன்.

பாய் சிரித்தார். "அவங்க வூட்டுக்கு வந்தாங்க இல்ல? அழுதாங்களா?"

"வந்தாங்க. ஆனா அதுக்காகச் சொல்லல. நெசமாவே..."

"உனுக்கு நல்ல மனசும்மா. பாவம்னு பாக்கற. ஆனா புள்ளைங்க வாங்கித் துன்ற பொருளு. பிரிச்ச உடனே கண்ல பட்டுச்சுன்னு நீதான சொன்ன? எனுக்கு இந்த பேஜாரு வேணாம்."

பொய்யைச் சொன்னபோது ஒரே நிமிடத்தில் நம்பினார். உண்மையைச் சொன்னால் நல்ல மனசு என்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வாட்ஸ்அப் குரூப்பிலாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். "வாயால சொல்றத போட்டா எவனும் நம்ப மாட்டான். எழுத்துல ஏதாச்சும் இருந்தா குடு," என்றார்.

எழுத்து எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். கதையை முதலிலிருந்து சொன்னேன், நைட்டியைத் தவிர வேறெதையும் விடவில்லை. சிவப்புப் பெட்டியில் கிடக்கும் ஷூவை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். முனையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஊசியக் கண்டுபிடிச்சதுக்கு உனக்கு கிஃப்ட் குடுக்கறதா, பாக்கெட்ல மிக்சர் வெச்சதுக்கு மெமோ குடுக்கறதாம்மா?"

"மெமோ குடுங்க சார். தமிழ்ல வேணும். காப்பி எனக்கு வேணும்."

"இத்தினி வருஷத்துல மெமோ கேட்டு வாங்கற மொத ஆளு நீதான்."

"மிக்சர் மேல தப்பு இல்லன்னு ஒரு வரி சேத்துக்குங்க சார்."

"மெமோல மிக்சருக்கு சர்டிபிகேட்டா?" என்று அவர் சிரித்த சிரிப்பு தையல் வரிசை வரை கேட்டிருக்கும். ஆனாலும் எழுதினார். விதிக்கு மாறாகப் பணியாளர் மேலங்கிப் பையில் பிரித்த மிக்சர் பாக்கெட்டை வைத்திருந்ததாகவும், தொழிற்சாலையின் உடைந்த ஊசிமுனை அதற்குள் விழுந்ததாகவும், தின்பண்டத் தயாரிப்பாளர் மீது எந்தத் தவறும் இல்லை என்றும், இனி இப்படி நடந்தால் கடும் நடவடிக்கை என்றும் இருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை. அன்று முழுக்கத் தையல் பெண்கள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "அக்கா, மிக்சர் கீதா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் அதட்டிய அதட்டலுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பாய் மெமோவை இரண்டு முறை படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சரத்தை எடுத்து வந்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். மெமோவின் போட்டோவும் குரூப்புக்குப் போனது. அன்று மாலையே மற்றக் கடைக்காரர்கள் சரக்குக் கேட்டுக் கூப்பிட்டார்கள் என்று அந்த அம்மா எனக்குப் போன் செய்து சொன்னார். அந்த நாலு பெண்களையும் மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மறுவாரம் கடைக்குப் போனால் மெமோவின் ஜெராக்ஸ், லேமினேஷன் போட்டு, மிக்சருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கொட்டை எழுத்தில் என் பேரோடு.

"பேரையாச்சும் மறைச்சிருக்கக் கூடாதா பாய்?"

"பேரு இல்லாத லெட்டர எவன் நம்புவான்? நாலு பேரு கேக்கறாங்கம்மா."

சரி என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை, கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். மிக்சர் மேல் வைத்த கையை எடுத்துவிட்டு, "இந்தப் பொம்பளைய வேலைய வுட்டு அனுப்பிட்டாங்களா பாய்?" என்று கேட்டாள். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சர்க்கரை நிறுக்கத் திரும்பிக்கொண்டார்.

"இல்லம்மா, நான்தான் அது," என்றேன். "தப்பு என்னோடது, மிக்சரோடது இல்ல. நீ தைரியமா வாங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பேரைப் பார்த்தாள். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள்.