மூட வந்த கை நடுங்கிய ஆண்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து போனை ஆன் செய்ததும் மஞ்சுளா அழைத்தாள். நம் கல்லூரியின் பழைய த்ரோபால் கேப்டன். இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. "மிஸ், எஸ்தர் மிஸ் போயிட்டாங்க. காலையில. ஆஸ்பத்திரியிலேயே" என்றாள்.

மாலைக்குள் சபையிலிருந்து வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. நம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் எஸ்தர் மிஸ் "அமைதியும் பணிவும் பொறுமையும் நிறைந்தவர்" என்று அதில் எழுதியிருந்தார்கள். அவரோடு வேலை செய்த நீங்களும் அதைப் படித்திருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். எஸ்தர் மிஸ் அன்பானவர். நேர்மையானவர். ஆனால் அமைதியானவர் அல்ல. பணிவு அவருக்கு வராது. அவரைப் புதைத்த கையோடு அவருடைய கோபத்தையும் புதைத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஜீவனஹள்ளியில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் நம் மகளிர் கல்லூரியை அந்த வருடத்தோடு மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்த கூட்டத்தில், ஆசிரியர்கள் சார்பில் நானும் இருந்தேன். கட்டடத்தை ஒரு பெரிய பள்ளிக்குக் கொடுப்பதாகத் திட்டம். "ரிசல்ட் இல்ல, பேர் இல்ல. பெங்களூர்ல இந்த மாதிரி ஒரு காலேஜ் இருக்குன்னு எவனுக்குத் தெரியும் மேடம்? யாருக்காக நடத்தணும்?" என்றார் செயலாளர். எஸ்தர் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில கேட் தொறக்கிற நேரத்துக்கு வந்து நில்லுங்க சார். யாருக்காகன்னு தெரியும். நீங்க வர்றது சாயங்காலம் கமிட்டிக்கு மட்டும்தானே?" என்றார். ஆனால் முடிவு மாறவில்லை.

அங்கிருந்து நேராக என்னோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். செய்தி அதற்குள் அங்கே எட்டியிருந்தது; எல்லோரும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மூடறவங்க மூடட்டும். ஆனா மூடறப்ப கை நடுங்கணும். இந்த வருஷம் எங்க போட்டி நடந்தாலும் நம்ம பேரைக் குடுங்க. தோக்கலாம், தப்பில்ல. வரலைன்னு மட்டும் ஒருத்தனும் சொல்லக் கூடாது."

அப்படித்தான் அந்த வருடம் தொடங்கியது. விளையாட்டு மைதானம் என்று நமக்கு ஒன்று இருந்ததில்லை. தேவாலய வளாகத்தில்தான் த்ரோபால் வலை கட்டுவோம். சபையாரின் கார்கள் வந்தால் அவிழ்த்துவிடுவோம். எஸ்தர் மிஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் வளாகத்தின் வாசலில் போட்டு உட்கார்ந்தார். மடியில் விடைத்தாள் கட்டு. குழு உறுப்பினர் ஒருவர் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். மிஸ் தலை நிமிரவில்லை. அவர் இறங்கி வந்து, "மேடம், இது சர்ச் காம்பவுண்டு" என்றார். "ஆமா சார். சர்ச்சுப் பிள்ளைங்கதான் ஆடுதுங்க. ரோட்டுல எடம் இருக்கு பாருங்க" என்றார் மிஸ். கார் ரோட்டுக்குப் போனது. மறுநாளும் நாற்காலி அங்கேதான் இருந்தது.

வணிகவியலில் ஷபானா பல்கலைக்கழக ரேங்க் வாங்கினாள். நம் கல்லூரிக்கு அதுவே முதல் ரேங்க். கன்னடப் பேச்சுப் போட்டியில், தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வருமா என்று பெரிய கல்லூரி மாணவிகள் கிண்டல் செய்த மேடையிலேயே நம் பெண்கள் கோப்பை வாங்கினார்கள். ஆனால் நான் சொல்ல நினைப்பது மஞ்சுளாவைப் பற்றி.

கல்லூரிகளுக்கிடையிலான த்ரோபாலில் நாம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். கேப்டன் மஞ்சுளா பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்று தோழிகள் சொன்னார்கள். எஸ்தர் மிஸ் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா லட்சுமி மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்பவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். எங்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நா இன்னா மிஸ் பண்றது? பொண்ணு வெயில்ல ஆடறது மாப்ள வூட்ல புடிக்கலையாம். கறுத்துடுவாளாம்."

"நீ தெனம் வெயில்ல தெருக் கூட்டறியே லட்சுமி, உன்னைப் பத்தி யாராவது கவலைப்பட்டாங்களா? உன் வெயிலை யாரும் கேக்கல. அவ வெயில மட்டும் எதுக்குக் கேக்கறாங்க?"

லட்சுமி அடுப்பைப் பற்ற வைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் புறப்படும்போது, "மேட்ச் எங்க மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

இறுதிப் போட்டிக்கு மஞ்சுளாவோடு அவரும் வந்திருந்தார். எதிரணி தங்கள் கல்லூரிப் பேருந்தில் ஒரே நிறக் காலணிகளோடு வந்து இறங்கியது. நாங்கள் நம் பெண்களோடு பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸில் போனோம். கடைசி செட்டில் மஞ்சுளா எறிந்த பந்து கோட்டுக்குள் விழுந்து நாம் ஜெயித்தபோது லட்சுமி போட்ட விசிலை நான் மறக்கவே மாட்டேன். அந்தச் சம்பந்தம் முறிந்தது. "போவட்டும்" என்றார் லட்சுமி.

கல்லூரி ஆண்டு விழா வந்தது. விழாவின் முடிவில் மூடும் செய்தியை நன்றி கூறி அறிவிப்பதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். "ரிப்போர்ட்டைச் சுருக்கமா முடிச்சுடுங்க மேடம்" என்று மேடையிலேயே குனிந்து காதில் சொன்னார். எஸ்தர் மிஸ் சுருக்கவில்லை. ஒவ்வொரு வெற்றியையும் வாசித்து, அதைப் பெற்ற பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னார். அவளுடைய பெற்றோரையும் நிற்கச் சொன்னார். நின்றவர்கள் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. வாசித்து முடித்தபோது கூடத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேலை உடுப்போடு வந்திருந்த லட்சுமியும் அவர்களில் ஒருவர்.

பிறகு தாளை மடித்துவிட்டு மிஸ் பேசினார். "இந்தக் கல்லூரியை மூடப் போகிறார்கள். யாருக்காக நடத்த வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். இதோ நிற்கிறார்கள். சொல்ல வேண்டியதை இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று செயலாளரிடம் மைக்கை நீட்டினார். முன்வரிசையில் இருந்த ஆயரும் எழுந்து நின்றார். செயலாளர் மைக்கை வாங்கினார், கூடத்தைப் பார்த்தார், "தேசிய கீதம்" என்றார். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள்.

ஜூனில் மாணவர் சேர்க்கை திறந்தது. எஸ்தர் மிஸ்ஸுக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. கல்லூரி மூடப்படாமல் தப்பியதற்கான விலை அது என்று அவருக்கு முன்பே தெரியும். வழியனுப்பு விழாவில் பொன்னாடையோடு வந்த செயலாளரிடம், "இது எனக்கு எதுக்கு சார்? வலை கட்ட ரெண்டு கம்பம் நடுங்க" என்றார். கம்பங்கள் இன்னும் நடப்படவில்லை. கல்லூரி நடக்கிறது. போன வாரமும் கேட் திறக்கும் முன்பே வாசலில் கூட்டமாகப் பெண்கள் நின்றார்கள்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில், ஒரு மதிய நேரம். நலம் விசாரித்தேன். "ஒடம்பைப் பத்திப் பேச டாக்டர் இருக்காரு. காலேஜ்ல என்ன சண்டை, அதைச் சொல்லு" என்றார். பி.ஏ. வகுப்புகளை நிறுத்தப் புதிய குழு யோசிக்கிறது என்று சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன் மிஸ்."

"எப்படிச் சொன்ன? இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியா? மெதுவா சொன்னா அவங்களுக்குப் 'பாக்கலாம்'னுதான் கேக்கும். எங்க, திரும்பச் சொல்லு."

"முடியாது."

"இன்னும்."

"முடியாது!" என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்து, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டார், என்ன ஆயிற்று என்று. எஸ்தர் மிஸ் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார். "ஏனூ இல்லம்மா. பாடம் நடீத்தா இதே" என்றார். ஒன்றுமில்லை, பாடம் நடக்கிறது என்று.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான், அவர் கேட்ட உரத்த குரலில். திங்கட்கிழமை குழுக் கூட்டம். நான் போகிறேன்.