பேச்சியம்மா அக்காவின் பின்கூடை

பேச்சியம்மா அக்கா எங்கள் கடற்கரை ஊரான அரிப்புக்கு வந்து இரண்டு மாதத்தில் மூன்று வேலைகளை விட்டவர். விட்டவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்றிலும் போகச் சொன்னார்கள். நான்காவதாக, வள்ளமும் வலையும் வைத்து எங்களுக்கு வேலை தரும் கொலின்ஸ் சம்மாட்டியின் கரை வாடிக்கு, வலையிலிருந்து நண்டு கழற்ற வந்து சேர்ந்தார். இதுவும் நிலைக்காவிட்டால் வீட்டில் ஆடு மேய்க்க வேண்டியதுதான் என்று மருமகன் நிரூபன் சொல்லிவிட்டான். ஏழு ஆடுகள். ஏழும் அவரைக் கண்டால் முட்ட வருபவை.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று இங்கே வந்தவர் அவர். பறிப்பதும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிவதும் அவருக்கு ஒரே அசைவு. அந்தக் கைக்குக் கொழுந்தென்ன, நண்டென்ன? முதல் நாள், முன்னால் கூடை வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, நண்டுகள் தோளுக்கு மேலால் பின்பக்கம் பறந்தன. மூன்றாவது என் மடியில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் கரையில் ஒரு காகமும் மிஞ்சவில்லை.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. கை தானா போகுதுங்க," என்றார்.

இரண்டாம் நாள் பறந்தது பாதரின் வெள்ளை அங்கியில் பிடித்துத் தொங்கியது. அவர் பாவம், சம்மாட்டியைப் பாராட்ட வந்தவர். ஏசாமல் ஒரு நாளும் விடியாத எங்கள் சம்மாட்டி, அக்கா வர இரண்டு கிழமைக்கு முன், தவக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள் வாயைத் துவாயால் கட்டிக்கொண்டார். உயிர்த்த ஞாயிறுவரை மௌன நேர்ச்சை என்று கொப்பியில் எழுதிக் காட்டினார். சாப்பாடும் கஞ்சி மட்டும். பூசையில் பாதர் அவரை உதாரணம் காட்டிப் பேச, கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கென்னவோ அப்போதே மூக்கில் வியர்த்தது.

பேச்சியம்மா அக்கா அவரைத் "தொரை" என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்து வழக்கம். சாரத்தை மடித்துக்கட்டி வெறுங்காலில் நிற்கும் மனிதருக்கு முதல் நாள் அது கூச்சமாக இருந்தது. மறுநாள் சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால்வரை விட்டுக்கொண்டார்.

ஆனால் தராசடியில் நின்றது அவருடைய மகள் நிருஷா. கால் உடைந்த நண்டைக் கொம்பனிக்காரர் எடுக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து சொன்னாள்:

"அக்கா, இண்டைக்கு ஒரு நண்டு பறந்தாலும் வீட்டை போங்கோ. நாளைக்கு வரவேண்டாம்."

அக்கா ஒரு கயிற்றை எடுத்து வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டார். நண்டுவரை எட்டும், தோள்வரை எட்டாது. பத்து மணிவரை ஒன்றும் பறக்கவில்லை. பிறகு ஒரு பெரிய ஆண் நண்டு கயிற்றையே நறுக்கிவிட்டது. அவிழ்ந்த கை கேட்குமா? அந்த நண்டே பறந்துபோய்க் கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குப் பின்னால் விழுந்தது.

"முடிஞ்சுது அக்கா. வெளிக்கிடுங்கோ," என்றாள் நிருஷா.

அக்கா நண்டைப் பொறுக்கப் போனார். போனவரைக் காணவில்லை. அழுகிறாரோ என்று பின்னாலேயே போனேன். அவர் குந்திக்கொண்டு நண்டையே பார்த்தபடி இருந்தார். அதன் ஒரு காலில் பாசி பிடித்த ஏதோ ஒன்று இறுகியிருந்தது. அக்கா பாசியை வழித்தார். உள்ளே ஒரு கட்டுப்பல். நடுவில் ஒரு தங்கப்பல்.

அரிப்பில் தங்கப்பல் ஒருவருக்குத்தான் இருந்தது. மௌனமும் கஞ்சியும் துவாயும் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டன. வள்ளத்தில் நின்று தும்மியிருக்கிறார். பல்லைக் கடல் வாங்கிக்கொண்டது. எப்போதும் ஒரே இடத்தில்தான் வலை விடுவார். அந்த வலையே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

கரை முழுக்கக் கூப்பிட்டுச் சொல்ல நான் வாயெடுத்தேன். நண்டு நாற்றத்தோடு அக்காவின் கை என் வாயைப் பொத்தியது.

"வேணாங்க. பெரிய மனுசன் மானம் போயிரும்."

மடியிலிருந்த வெற்றிலையில் பல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே சம்மாட்டியிடம் போனார். "தொரை, வெத்தல போடுங்க. நான் போயிட்டு வாறேங்க," என்று கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சம்மாட்டி வெற்றிலையை விரித்தார். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். கை துவாய்க்குள் போய் வந்தது. பல் வந்துவிட்டது, சரி. ஆனால் பேசினால் நேர்ச்சை போய்விடும், பேசாவிட்டால் அந்த மனுசி ஆட்டுக்குப் போய்விடும். அக்கா வீதியை எட்டியிருந்தார்.

"பிள்ளை!"

கரை அதிர்ந்தது. மூன்று கிழமைச் சத்தம் ஒன்றாக வெளியே வந்தது.

"அவவை மறி! அவவுக்குப் பின்னாலை ஒரு கூடையை வை! உள்ளுக்கு ஈரச்சாக்கைப் போட்டு வை, கால் உடையாது!"

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "ஐயோ அப்பா, நேர்ச்சை?" என்றாள் நிருஷா.

"அதை நானும் கடவுளும் பாத்துக்கொள்ளுறம். நீ கூடையை வை."

ஒரு கிழமையாக நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் திருத்தப் பார்த்தோம். கூடையை நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை அதன் பாட்டுக்கு விட்டார். மத்தியானத்துக்குள் எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாகக் கழற்றிவிட்டார். பின்கூடையில் ஒரு காலும் உடையவில்லை.

ஞாயிறு பூசையில் பாதர் வேறு உதாரணம் தேடினார். சம்மாட்டி கடைசி வாங்கில் தங்கப்பல் தெரிய உட்கார்ந்திருந்தார். ஆடுகளை இப்போது நிரூபன்தான் மேய்க்கிறான், அவனையும் முட்டுகின்றனவாம்.