நான் வழிமொழிந்த தீர்மானங்கள்

டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில் வீடு வாங்கிய இரண்டாம் வருடம், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போனதே சண்டை போடத்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பொதுப் புல்வெளியில், தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று புல்லை விட்டுவிட்டு எங்கள் படுக்கையறை ஜன்னலை மூன்று வாரமாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று நாலு வார்த்தை சூடாகச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். "இவ்வளவு அக்கறை உள்ளவர் நிர்வாகக் குழுவுக்கே வரலாமே" என்றார். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஓர் இடம் ஏழு மாதமாகக் காலியாக இருந்திருக்கிறது. நான் சிரித்து வைத்தேன். அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டு கை தட்டிவிட்டார்கள்.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியா?" என்றார் என் கணவர். "ஆபீஸ் மீட்டிங் பத்தலைன்னு இது வேறயா?"

குழாய் அதற்கப்புறமும் ஜன்னலைத்தான் நனைத்தது.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணிக்கு, நீச்சல் குளத்தை ஒட்டிய சின்னக் கூடத்தில் கூடுவோம். தலைவர் ஒரு பள்ளிக்கூடத்தின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து பேருக்கு எதற்குச் சுத்தியல் என்று தெரியாது, ஆனால் மரச் சுத்தியலால் மேஜையைத் தட்டித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். பேசப்படும் விஷயங்கள் இவை: தபால் பெட்டிக்குக் கறுப்பு அடிப்பதா, கரும்பச்சை அடிப்பதா. குளத்து வாத்துகள் நடைபாதையை அசிங்கம் செய்கின்றன, அதை வாத்துகளிடம் யார் சொல்வது. கிறிஸ்துமஸ் விளக்கை ஒருவர் ஈஸ்டர் வரை கழற்றவில்லை, அவருக்கு எந்தத் தொனியில் கடிதம் எழுதுவது. உலகத்தில் வேறு எங்கும் எதுவும் நடக்காததுபோல் இரண்டு மணி நேரம் பேசுவோம்.

எனக்கு வலது பக்கத்து நாற்காலியில் ஒருவர். சனிக்கிழமை தோறும் அட்டையும் பேனாவுமாகத் தெருத் தெருவாகப் போய் எந்தத் தபால் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார். அவரைத் தபால் பெட்டிக்காரர் என்றே சொல்கிறேன். கூட்டத்துக்குக் குறைந்தது நாலு தீர்மானமாவது முன்மொழியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்தால் போதாது, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேசவே முடியாது, அங்கேயே செத்துப்போகும். தலைவர் "வழிமொழிபவர் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அந்த நிசப்தத்தை என்னால் தாங்கவே முடியாது. ஒருவர் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் நீட்டியவர் முகம் என்ன ஆகும்? ஒரு துண்டாவது எடுத்துக்கொள்வதுதானே மரியாதை? நான் எடுத்துக்கொண்டேன். தபால் பெட்டி நிறத்தை வழிமொழிந்தேன். அதை எதிர்த்து வந்த தீர்மானத்தையும் வழிமொழிந்தேன். வழிமொழிவது வேறு, ஆதரிப்பது வேறு என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது மாதத்திலிருந்து செயலாளர் அம்மாள் நடவடிக்கைக் குறிப்பில் வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை வீட்டிலேயே டைப் அடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

அந்த அக்டோபரில் என் மாமனார் ஆறு மாதம் தங்குவதற்கு வந்தார். மாமியார் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நகராட்சி அலுவலகத்தில் மேனேஜராக இருந்தவர். அங்கே அவர் கையெழுத்து இல்லாமல் தெருவிளக்கு எரியாது. இங்கே பால் வாங்க வேண்டுமென்றால்கூட யாராவது காரை எடுக்க வேண்டும். காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவார்.

"இந்த ஊர்ல யாரையும் கேக்காம நானா செய்ய முடிஞ்சது இந்த வாக்கிங் ஒண்ணுதாம்மா" என்றார் ஒருநாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

நவம்பர் கூட்டத்தில் தலைவர் ஒரு புகார்க் கடிதத்தைப் படித்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் தனியாக வசிக்கும் ஒரு பெண்மணி எழுதியது. தினமும் காலை ஏழே கால் மணிக்கு, முகமூடி அணிந்த ஓர் ஆசாமி தன் வீட்டு முன்னாலுள்ள பூப்பாத்தியின் குட்டைச்சுவரில் வந்து உட்காருகிறான், கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிகின்றன, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறான், பத்து நிமிடம் கழித்துப் போய்விடுகிறான்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு! வங்கிக் கொள்ளைக்காரன் மாதிரி ஒருவனை மனதுக்குள் பார்த்தேன். எல்லா வீட்டுக்கும் எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று தபால் பெட்டிக்காரர் முன்மொழிந்தார். தலைவர் கேட்டு முடிப்பதற்குள் வழிமொழிந்தேன். அதோடு விட்டேனா? அவசரக்குடுக்கை. "பார்த்தவுடன் போலீசுக்குப் போன் செய்யவும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்" என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். குழுவில் சேர்ந்ததிலிருந்து நான் சொல்லி நடந்த முதல் காரியம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை நோட்டீஸ் வந்தது. வாக்கிங் போய்விட்டுத் திரும்பிய மாமனார் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, வாசலில் நின்றே அதைப் படித்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், கேன்வாஸ் ஷூ, தாடை வரைக்கும் இழுத்துவிட்ட மங்கி கேப்.

"ஏம்மா, இங்க எவனோ முகமூடிக்காரன் சுத்தறானாம். குளத்துப் பக்கம்தான் போட்டிருக்கு. நீ காலையில தனியா கார் எடுக்கறப்போ ஜாக்கிரதையா இரு."

சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எட்டு வயது மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நோட்டீஸைப் பார்த்தாள். "தாத்தா, தட்ஸ் யூ" என்றாள்.

பிறகு என் கணவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாமனார் குல்லாயை மெதுவாகக் கழற்றினார். முட்டிவலிக்கு அந்தச் சுவர்தான் சரியான உயரமாக இருந்ததாம். ரத்த அழுத்தத்துக்கு நாடி எண்ணச் சொல்லியிருந்தாராம் டாக்டர், அதுதான் முணுமுணுப்பு. ஊரில் குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்த வெட்டிப் பயல்களை விரட்டியடித்த மனிதர்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை.

"உன் மேல தப்பு இல்லம்மா. முகமூடின்னு எழுதினா யாருக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் திங்கட்கிழமை வாக்கிங் போகவில்லை. குல்லா இல்லாமல் போகலாமே என்றேன், காது குளிர்கிறது என்றார். வேறு பக்கம் போகலாமே என்றேன், பார்க்கலாம் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வாரக் கடைசியில் மகனிடம், "டிக்கெட்டைக் கொஞ்சம் ப்ரீபோன் பண்ணிடுப்பா. பொங்கலுக்கு அங்க இருந்தா நல்லாருக்கும்" என்றார். சீசன் என்பதால் ஜனவரி மூன்றாம் வாரம்தான் சீட் கிடைத்தது. பொங்கலே முடிந்துவிடும். பரவாயில்லை, அதையே போடு என்றார். பொங்கல் காரணமில்லை என்று எங்களுக்குத் தெரியாதா? டிராவல் ஏஜென்டிடம் பேசிவிட்டு வைத்த என் கணவர் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. எனக்கும் என்னோடு பேசப் பிடிக்கவில்லை.

டிசம்பர் கூட்டத்தில் முதல் வேலையாக எழுந்து, முகமூடி ஆசாமி என் மாமனார் என்று சொன்னேன். "இவர்தான்" என்று பின்வரிசையைக் காட்டினேன். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். வரமாட்டேன் என்று சொன்னவரை, பொதுமக்கள் பேசுவதற்கு மூன்று நிமிடம் தருவார்கள் என்ற ஒரு விஷயம்தான் கிளப்பியது. மனு என்றால் அவருக்குக் கை பரபரக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, நகல் ஐந்து எடுத்திருந்தார். பெருமதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில் என்று போய், தங்கள் உண்மையுள்ள என்று முடிகிற அதே நகராட்சி மனுதான், ஆங்கிலத்தில். குளத்தோரம் ஒரு பெஞ்சு கேட்டிருந்தார். நாலாவது பத்தியில், போன மாத நடவடிக்கைக் குறிப்பில் பக்க எண் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார்.

தபால் பெட்டிக்காரருக்கு உடனே ஆட்சேபம். "பெஞ்சு போட்டால் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்" என்றார். அதற்குத்தானே பெஞ்சு என்று யாரும் கேட்கவில்லை.

செயலாளர் அம்மாள் இரக்கப்பட்டு ஒரு பெஞ்சுக்கு முன்மொழிந்தார். "வழிமொழிபவர் உண்டா?" என்றார் தலைவர். நான் வாயைத் திறந்தேன். அவர் சுத்தியலை உயர்த்தி, உறவினர் விஷயம் என்பதால் நான் வழிமொழியவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது என்றார். கண்ட கழுதைக்கெல்லாம் வழிமொழிந்தவள் நான். வாத்துக்கு வழிமொழிந்திருக்கிறேன். ஐந்தாவது உறுப்பினர் கூரையைப் பார்த்தார். தபால் பெட்டிக்காரர் பேனாவைத் திருகினார். ஒரு மனுஷர் உட்கார ஒரு பலகை, அதற்கு ஒரு வாய் திறக்கவில்லை. தீர்மானம் செத்தது என்று தலைவர் சுத்தியல் தட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுத்தியலைப் பிடுங்கியிருப்பேன்.

மாமனார் எழுந்து, அவகாசம் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒருவர் மனம் இளகியது. புகார் எழுதிய அந்தப் பெண்மணியும் அன்று கூட்டத்துக்கு வந்து ஓரமாக இருந்திருக்கிறார். எங்களிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு முன்னால், குட்டைச்சுவரை ஒட்டி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நான் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது பார்த்து, வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். மாமனார் நம்பவில்லை. மறுநாள் போய்ப் பார்த்து, உட்காராமல் திரும்பி வந்தார். "அவங்க எழுதிக் குடுக்கலையே" என்றார். பிறகு அவரே எழுதினார்: தங்களால் அன்புடன் வைக்கப்பட்டுள்ள நாற்காலி கிடைக்கப்பெற்றேன், அதனைக் காலை ஏழே கால் முதல் ஏழு இருபத்தைந்து வரை பயன்படுத்த உத்தேசித்துள்ளேன், ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும். ஆட்சேபணை வரவில்லை. பிறகுதான் உட்கார்ந்தார். மங்கி கேப்போடு. அந்தம்மாள் ஜன்னலிலிருந்து கையசைப்பாராம், இவர் கும்பிடுவாராம். டிக்கெட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி கட்டிலுக்கு மேல் திறந்தே கிடந்தது.

ஜனவரிக் கூட்டம் வந்தபோது அவர் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. அன்றும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார், கையில் சொந்தமாக ஒரு நோட்டு. மூன்றாவது விஷயமாகத் தபால் பெட்டிக்காரர் அட்டையைப் புரட்டினார். வீட்டின் முன்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவது விதிக்குப் புறம்பு. குளத்தோரம் ஒரு வீட்டில் மூன்று சனிக்கிழமையாகக் கிடக்கிறது. அகற்றச் சொல்லிக் கடிதம் அனுப்ப முன்மொழிகிறேன் என்றார்.

"வழிமொழிபவர் உண்டா?"

எல்லோரும் பழக்கத்தில் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் அம்மாளின் காகிதத்தில் என் பெயர் முன்கூட்டியே இருந்தது, எனக்கே தெரிந்தது. நாற்காலி அந்தப் பெண்மணியுடையது, அவர் என் உறவில்லை. நான் வழிமொழிய எந்தத் தடையும் இல்லை. தபால் பெட்டிக்காரர் என் பக்கம் திரும்பிச் சிநேகமாகப் புன்னகை செய்தார். பாவமாகத்தான் இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு டியூப்லைட்டும் அதற்குள் இரண்டு செத்த பூச்சிகளும் இருந்தன. இத்தனை மாதமாக இவர்கள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

தலைவர் இரண்டாம் தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. சுத்தியல் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமனார் காரில் உள்விளக்கைப் போட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செயலாளர் அம்மா இன்னும் பக்க எண் போடலை. அடுத்த வாட்டி சொல்லணும்" என்றார். விரலை மடக்கினார். "பிப்ரவரி, மார்ச். நான் ஊருக்குப் போறதுக்குள்ள இன்னும் ரெண்டு மீட்டிங் இருக்குல்லம்மா?"

இருக்கிறது மாமா என்றேன். காலையில் முதல் வேலையாக டிராவல் ஏஜென்டுக்குப் போன் செய்ய வேண்டும்.