மஞ்சள் விளக்கின் உறை

அத்தா மவுத்தான பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆண்குரல் கேட்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, சிறுமலையில் ஒரு வாழைத்தோட்டத்து ஜீப்பை ஓட்டினார். எங்கள் ஊர் திண்டுக்கல் மண்டியில் வாழைத்தார்களை இறக்கிவிட்டு, ஜும்மா தொழுது, எங்களோடு சாப்பிடுவார். வெயில் தாழ்ந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் எழுந்து சட்டையை மாட்டும் அந்த நேரத்தை நான் வெறுத்தேன்.

ஜீப்பின் பம்பருக்குக் கீழே மஞ்சள் கண்ணாடி போட்ட சிறு விளக்கு ஒன்று உண்டு. மலைப்பனிக்கென்று மாட்டியது. ஊருக்குள் அதற்குக் காக்கித் துணியில் ஓர் உறை. அம்மா தைத்துக் கொடுத்தது. அடிவாரம் போய்த்தான் கழற்றுவார். பனியில்லாத இடத்தில் கைதவறிப் போட்டுவிட்டால்கூட எதிரே வருகிறவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி என்பார். பெரிய விளக்குகள் பனியில் பட்டு வெளிச்சத்தை நம் முகத்துக்கே திருப்பிவிடுமாம். இது தாழ நின்று தரையைத் தடவி, பாதையின் ஓரத்தைக் காட்டுமாம். இப்போதும் பனிமூட்டத்தில் எந்த வண்டியாவது மஞ்சள் வெளிச்சத்தோடு வந்தால், அது கடந்துபோகும்வரை நின்று பார்க்கிறேன்.

ஒரு மார்கழி வெள்ளியன்று, இன்று இருந்துவிட்டுப் போனால் என்ன என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"மஞ்ச லைட்டு இருக்கையில எனக்கென்னடா? அது எரியலைன்னு வையி, நீ வெரட்டுனாலும் போகமாட்டேன். விடிஞ்சுதான் வண்டி."

விளையாட்டாகச் சொன்னதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி அவர் தொழப் போயிருந்தபோது உறைக்குள் கைவிட்டு, விளக்கின் பின்னால் இருந்த ஒயரைத் திருகிக் கழற்றினேன். உறையை முன்போலவே இழுத்துக் கட்டினேன். விளக்கு எரியாது, மாமா இருப்பார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. உறை போட்ட விளக்கை எங்கள் வாசலில் யாரும் எரித்துப் பார்ப்பதில்லை என்பது, ஜீப் தெருமுனை திரும்பிய பிறகுதான் விளங்கியது. தெருமுனைவரை ஓடிவிட்டுத் திரும்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுவாரம் அவர் வரவில்லை. அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டேன்.

அதற்கடுத்த வெள்ளி பஸ்ஸில் வந்தார். நெற்றியில் காய்ந்த காயம். அன்றிரவு பாதி மலையில் பனி இறங்கியிருக்கிறது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஒதுங்க இடம் தேடிப் பெரிய விளக்குகளைப் போட்டதும் எதிரே வெறும் வெள்ளை. ஜீப் பாறையில் மோதி நின்றிருக்கிறது. மறுபக்கம் பள்ளம். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, அவரைத் தார் சுமக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்.

"ஒயரு தானா கழண்டுருச்சுக்கா," என்றார் அம்மாவிடம். என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் மலைக்குப் பஸ் கிடையாது. என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். வெகுநேரம் கழித்து என் தலையைத் தடவினார்.

"இனிமே வெள்ளிக்கெழம ராத்திரி ஒங்கூடத்தான், அப்பு. சந்தோசந்தானே?"

சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவர் உயிரோடிருக்கும்வரை நான் செய்ததைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று அவர் தோளில் தலைவைத்தேன். தார் அழுத்திக் கன்றியிருந்த தோள். மெல்ல என்னை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்கத் தோன்றாமல் தூங்கிப்போனேன்.