எறும்புக்கு வைத்த பாகு

தெருவில் தையல்காரிகள் நிறைய உண்டு. 'சிஐடி' என்றால் இவள் ஒருத்திதான். தைக்க வரும் துணியில் கறை இருந்தால், கொண்டு வந்தவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டிவிட்டுத்தான் அளவெடுப்பாள். பின்னால் தன் தலையில் கட்டிவிடுவார்களாம்.

அடுப்படியில் எறும்புச் சாரை கிளம்பியதும் சந்தேகம் நேராக அண்ணிமேல் போனது. இரண்டு பேருக்கும் ரொம்ப நாளாகப் பேச்சு இல்லை. அண்ணி, அண்ணன் கையில் ஒரு பழைய துணி மூட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். எறும்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

இவள் எறும்பு மருந்து அடித்துப் பார்த்தாள். சர்க்கரை டப்பா பக்கம் ஓய்ந்த எறும்பு, ஜன்னல் பக்கம் முளைத்தது. அண்ணன் சொல்லி விஷயம் தெரிந்த அண்ணி, அவன் கையிலேயே ஒரு பாட்டில் பாகை அனுப்பிவைத்தாள்.

"மூடியில ஊத்தி, குழந்தைங்க கைபடாத இடத்துல வைக்கச் சொன்னா. மருந்து மட்டும் அடிக்காதேன்னா," என்றான் அண்ணன்.

வைத்த கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்து மூடியே கறுத்துவிட்டது. கோபத்தில் வீம்பு பறந்துபோக, போனை எடுத்தாள்.

"அண்ணி, இதுல என்னத்தக் கலந்தீங்க?"

"சர்க்கரைப் பாகும் துளி வெங்காரமும், அதான் போராக்ஸ் பொடி. ஏன், எறும்பு வரலையா?"

"வரலையாவா? ஊரே திரண்டு வந்திருக்கு! விருந்து வைக்கச் சொன்னீங்களா?"

"வரட்டும். கூட்டுக்குத் தூக்கிட்டுப் போனாத்தானே அங்க இருக்கறதும் சாகும்? நீ கைய வச்சுக்கிட்டு சும்மா இரு."

இவள் நம்பவில்லை. மருந்து டப்பாவைக் கையில் எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள். இப்போது அடித்தால், 'நான்தான் அடிக்காதேன்னு சொன்னேனே' என்று அண்ணி நழுவிவிடுவாள். சாக்குச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, பாகு தீரத் தீர ஊற்றினாள்.

சாரை மெலிந்தது. பிறகு ஒன்றிரண்டு. பிறகு அதுவும் இல்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தாள், சுவர் விரிசலில் டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை.

காலி பாட்டிலை வாங்க அண்ணியே வந்தாள்.

"இந்த வைத்தியம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இவள் துருவினாள்.

"எங்க வீட்லயும் இதே தொல்லைதான். நீ திருப்பி அனுப்புன பெட்டியில வந்திருக்குமோன்னு நெனச்சேன்," என்றாள் அண்ணி, கூச்சத்தோடு சிரித்து.

இவள் சிரிக்கவில்லை. "எந்தப் பெட்டி?" என்றாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு உண்டு. பாதி நேரம் விசாரணைதான்.