குளியலறைக் கதவில் ஒரு கடல்

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஆணி அடித்தாலே வீட்டைக் காலி செய்யச் சொல்கிற ஓனர் எங்களுடையவர். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுதேவிடுவாள்.

எங்கள் ஒற்றை அறை வீட்டில் தாழ்ப்பாள் போட்டுத் தனியாக இருக்க முடிகிற இடம் குளியலறை மட்டும்தான். அதன் கதவில் உட்பக்கம் பழைய பழுப்பு சன்மைக்கா. இன்று அம்மாவும் அப்பாவும் செகண்ட் ஷிப்டுக்குப் போனதும் அதற்கு நீல பெயின்ட் அடித்துவிட்டேன்.

கடைக்கார பாய் சொன்னபடியேதான் செய்தேன். "சன்மைக்கா மேல சும்மா அடிச்சா உரிஞ்சிடும் பாப்பா. உப்புத்தாள் போட்டுத் தேய், பிரைமர் அடி, அப்புறம் பெயின்ட்டு. நாளைக்கு வரைக்கும் தண்ணி படக்கூடாது."

இப்போது கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்பு வெளிச்சத்தில் நீலம் மெல்ல அசைகிறது. நான் கடலைப் பார்த்ததில்லை. சத்தமில்லாத கடல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஆனால் அப்பா வேலை விட்டு வந்ததும் குளிப்பார். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு ராத்திரி மட்டும் அவர் குளிக்காமல் தூங்க நல்ல காரணம் யாருக்காவது தோன்றினால் உடனே கமென்ட்டில் சொல்லுங்கள்.

கதவு தட்டுகிற சத்தம். அம்மா.

"உள்ள என்னடி பண்ற? பெயின்ட் வாசன அடிக்குது! தொற, அப்பா குளிக்க—"