சேசிஸ் நம்பரை அழித்தவன் நான்

ஏழு வருடங்களுக்கு முன்னால், மலேசியாவின் கிள்ளானில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பங்சாரில் ஓர் அலுவலகத்தில் வேலை. உடம்பு அலுவலகத்தில் இருக்கும், மனசு முழுக்கப் பழைய கார்களில்தான் இருக்கும். கைப்பேசியில் கார் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

டெங்கில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஸ்டோருக்குள் பழைய கார் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், அகலமான நெஞ்சு. நான்கு டயரும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பின்சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு என்றார்கள். எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே மனசு பறிபோய்விட்டது. பத்திரங்கள் ஒழுங்காக இருந்தன. சரிசெய்து, வாகனச் சோதனையில் தேறிவிட்டால், என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கிவிட்டேன்.

வாங்கியது நான். காருக்கு உயிர் கொடுத்தது என் நண்பன். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். விபத்துக்குள்ளான கார்களைச் சரிசெய்யும் ஒரு பட்டறையில் பெயின்டராக இருந்தான். கை நேர்த்தியான வேலைக்காரன். அவன் சாயம் அடித்த கதவில் எந்த இடம் நசுங்கியிருந்தது என்று காரின் சொந்தக்காரருக்கே கண்டுபிடிக்க முடியாது. கிள்ளானில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்கு ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுவான். ஒன்றரை வருடம் அப்படி வந்தான். நான் ஒரு மணி நேரம் தேய்த்தால் அரை மணி நேரம் படம் எடுப்பேன். அவன் தலை நிமிராமல் வேலை செய்வான். படங்களை என் முகநூல் பக்கத்தில் போட்டு, "என் கைவண்ணம்" என்று எழுதுவேன். அவன் அதைப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான்.

எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் காரின் அடையாள எண்ணான சேசிஸ் நம்பர் பொறித்திருந்தது. முதல் வேலையாக அதன்மேல் டேப் ஒட்டியவன் அவன்தான்.

"மச்சான், இந்த டேப்ப மட்டும் தொட்றாத. இதான் காடியோட ஐசி, அடையாளக் கார்டு மாதிரி. இது போச்சுன்னா காடி அநாதைலா."

"தெரியும்டா, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன்.

சோதனைக்குப் போக இரண்டு வாரம் இருந்தது. அதற்கு முன்பே ஷா ஆலமில் பழைய கார் பிரியர்கள் கூடும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் படங்கள் அனுப்ப வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் பகுதி முழுக்கப் பளபளவென்று இருந்தது. நடுவில் அந்த டேப் மட்டும் கண்ணை உறுத்தியது. உரித்தேன். அடியில் துரு கிளம்பி, எண்களின் மேல் பொருக்குத் தட்டியிருந்தது. லேசாகச் சுத்தம் செய்தால் படத்தில் எண் அழகாகத் தெரியும் என்று நினைத்தேன். மணல் காகிதத்தால் தேய்த்தால் நேரம் ஆகும் என்று, தேய்க்கும் மெஷினைக் கையில் எடுத்தேன்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. துரு போனது. துருவோடு எண்களும் போயின. விரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அதே அளவுக்குப் புது டேப் வெட்டி ஒட்டினேன். ஏதாவது வழி கிடைக்கும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்து, அந்த டேப்பைச் சுற்றி அத்தனை நேர்த்தியாகக் கடைசிக் கோட்டிங் அடித்தான். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். வாயே திறக்கவில்லை.

சோதனை நாளன்று காரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அவனும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அதிகாரி பானட்டைத் திறக்கச் சொன்னார். நண்பன்தான் சிரித்த முகத்தோடு டேப்பை உரித்தான். அடியில் வெறும் இரும்பு.

அதிகாரியின் முகம் மாறியது. எண் இல்லாத கார் என்றால் திருட்டுக் காராக இருக்கலாம், விசாரணை முடியும் வரை கார் இங்கிருந்து நகராது என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, யார் இந்த இடத்தில் வேலை செய்தது என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். ஆனால் என் அலுவலகம், நிரந்தரமாகப்போகும் என் வேலை, போலீஸ், அப்பா, என் பக்கத்தைப் பார்க்கும் அத்தனை பேர், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன.

"இவருதான் அங்க சாயம் அடிச்சாரு" என்று மலாயில் சொன்னேன்.

நண்பன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. பிறகு அதிகாரியிடம், "சாயா, என்சிக்" என்றான். நான்தான் ஐயா என்று.

தவறுதலாகத் தேய்த்துவிட்டதாக போலீஸில் அவன் பெயரில்தான் ரிப்போர்ட் எழுதினார்கள். இரண்டு மூன்று முறை அவனை அழைத்து விசாரித்தார்கள். செய்தி அவன் பட்டறைக்கும் போய்விட்டது. எண்ணை அழித்தவன் என்று பெயர் வாங்கிய ஆளை வைத்துக்கொண்டால் தன் பிழைப்பு கெட்டுவிடும் என்று முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் அதே கதைதான். கடைசியில் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். நான் மாதம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போவேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். ஆறுதல் வேறு சொல்வேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எட்டு மாதம் கழித்து விசாரணை முடிந்தது. திருட்டுக் கார் இல்லை என்று தெரிந்து, காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எண் இல்லாததால் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவன் செஞ்ச வேலைக்கு ஒன்னோட காடியும் போச்சு. இருந்தும் நீ இவன விடாம வந்து பாக்கறே. வேற யாருப்பா வருவா? நீ நல்லா இருக்கணும்யா."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். நண்பனை வெளியே படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவன் அழவில்லை.

"தெரியும்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தக் கொட்டாயில இருந்தது நாம ரெண்டு பேரு. நான் செய்யலன்னு எனக்குத் தெரியும்லா. அப்புறம் வேற யாரு?"

"தெரிஞ்சும் ஏன்டா நீ ஒத்துக்கிட்ட?"

"அங்க வச்சு உன் மூஞ்சிய பாத்தேன். பயந்து போயிருந்த. சரி, வெளிய வந்ததும் நீ சொல்லிருவேன்னு நெனச்சேன். ரிப்போர்ட் எழுதறப்ப சொல்லுவேன்னு நெனச்சேன். வேலை போனப்பவாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவ நீ பழத்தோட வரப்பவும், இன்னிக்கு நீ சொல்லிருவேன்னுதான் கதவத் தொறந்தேன். அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல. அவங்க உன்ன நல்லவன்னு நெனச்சிட்டுப் போகட்டும். நீ இனிமே வராத மச்சான்."

'மச்சான்' என்று அவன் என்னை அழைத்தது அதுதான் கடைசி.

மறுநாளே போலீஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பட்டறை முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து ஐந்து மாதம் ஆகிறது என்றார். இதையெல்லாம் நண்பனுக்குச் செய்தியாக அனுப்பினேன். படித்தான் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

காரை வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. செமினியில் ஒருவர் உதிரி பாகங்களுக்காக எடுத்துக்கொண்டார். அவன் சாயம் அடித்த கதவுகளை என் கண்முன்னே கழற்றினார்கள். அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

சோதனை மையத்தில் நான் சொன்ன வார்த்தைகளைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே சாயம் அடித்தது அவன்தான். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை வைத்து என் மனசாட்சியை எட்டு மாதம் தூங்க வைத்தேன். இன்றைக்கு அலுவலகத்தில் யாராவது "இது யார் செய்தது?" என்று கேட்டால், எனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமாக இருந்தாலும் நான் மறுபடியும் அந்தச் சோதனை மையத்தில் போய் நிற்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை சாமர்த்தியமாகப் பதில் சொன்னதால், நான் பார்த்ததிலேயே நல்ல பெயின்டர் ஒருவன் இப்போதும் போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான்.